அஸ்வின் ஓடவிட்டது

ஒருவர் ஓடவிட்ட நிரலை இன்னொருவர் நிறுத்தக் கூடாது. அந்த ஆய்வகத்தில் இது எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. எழுதி ஒட்டப்பட்டவை வேறு: காலணியை வெளியே விடவும், தின்பண்டம் கொண்டுவராதீர், ஏசியின் அளவை மாற்றாதீர். அவற்றை எல்லோரும் நாள்தோறும் மீறினார்கள். எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை.

விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. திருமழிசையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் எம்.இ. கணினி அறிவியல் படித்தவர்கள் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து, ஜிபியு என்ற வேகச் சில்லு பொருத்திய பெரிய கணினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு நிரலுக்குப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி எதையேனும் கற்பிப்பதென்றால் அந்தக் கணினி இரவு பகலாக ஓட வேண்டும். இடையில் யாராவது கைவைத்தால் ஒருவரின் உழைப்பு குலைந்துவிடும். ஆகவே முறை வரும்வரை காத்திருப்பதும், இன்னொருவரின் முறையில் குறுக்கிடாதிருப்பதும் அங்கே ஒரு மரியாதையாகப் படிந்திருந்தன. துறைப் பேராசிரியை ஷோபனாகூட, மாணவர் ஒருவரின் நிரல் ஓடிக்கொண்டிருந்தால் தன் வேலையை ஒத்திவைத்துக்கொள்வார்.

அந்த மரியாதைக்கு எல்லை எது என்று யோசிக்க வேண்டிய தேவை, அஸ்வின் இறக்கும்வரை யாருக்கும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவன் தன் நிரலை ஓடவிட்டான். ஏரியின் படத்தைப் பார்த்து, அதில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லப் பழகும் நிரல் அது. ஓடவிட்டவன், திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று உடன் படிக்கும் யுவராணியிடம் சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஆவடிக்குப் புறப்பட்டான். சென்னீர்குப்பம் அருகே ஒரு லாரி அவன் பைக்கைத் தள்ளிவிட்டது. செய்தி ஆய்வகத்துக்கு வந்தபோது திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமையும் ஓடின. அடுத்த திங்கட்கிழமையும் ஓடின. எத்தனை சுற்று கற்க வேண்டும் என்று குறிக்கும் இடத்தில் அவன் கூடுதலாகப் பூஜ்யங்களைத் தட்டியிருந்தான். கிளம்பும் அவசரமாக இருந்திருக்கலாம். அந்தக் கணக்குப்படி அது முடிவதற்குள் அவர்கள் எல்லோரும் படித்து முடித்து, வேலைக்குப் போய், அந்தக் கல்லூரியின் பெயரையே மறந்துவிட்டிருப்பார்கள்.

அம்பத்தூரிலிருந்து வரும் கிரண்தான் முதலில் பேச்செடுத்தான். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது நிரல் தன் நிலையைத் தனியே சேமித்துக்கொள்கிறது. நிறுத்திவிட்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து ஓட்டிக்கொள்ளலாம். இதில் அழிவதற்கு ஒன்றுமில்லை என்று விளக்கினான். அவன் சொன்னது முற்றிலும் சரி. பக்கத்துக் கணினியில் இருந்த திவ்யா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"மறுபடி ஓட்டினா அது நம்ம ஓட்டுறது, கிரண். அவன் ஓட்டினது இதான்."

அதற்குப் பிறகு கிரண் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அஸ்வினின் அப்பா பால்ராஜ், ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் நெடுங்காலமாக இருப்பவர். மகனின் டிபன் பாக்ஸ், சார்ஜர், நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டர் ஆகியவற்றை எடுத்துப் போக ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்ட பின்னும் அவர் போகாமல் நின்றார். கிரண் திரையைக் காட்டினான்.

"இது அஸ்வின் போட்டது அங்கிள். இன்னும் ஓடிகினு கீது."

பால்ராஜ் பையைக் கீழே வைத்தார். "அவன் போட்டதா?" என்று கேட்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, படம் பார்க்க உட்காருகிறவர் போல உட்கார்ந்துகொண்டார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒரு வரி முடிந்து இன்னொரு வரியாக மேலே நகர்ந்தபடி இருந்தன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு எண் இருந்தது. அது என்ன எண் என்று கேட்டார். காட்டிய படங்களில் எத்தனை விழுக்காட்டை நிரல் சரியாகச் சொல்கிறது என்பதற்கான அளவு என்றாள் யுவராணி. "அப்ப மார்க்கு மாதிரி," என்றார் அவர். அவள் ஆமாம் என்றாள்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தார். பேருந்தில் இறங்கி, வாயிற்காவலரிடம் கையெழுத்துப் போட்டு, மாடியேறி, அதே நாற்காலியில் உட்காருவார். நல்லாப் படிக்குதா என்று கேட்பார். நல்லாப் படிக்குது அங்கிள் என்று யாராவது சொல்வார்கள். சிறிது நேரம் கழித்து வெளி நடைக்குப் போய் மனைவி பத்மாவைத் தொலைபேசியில் அழைப்பார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகாதவர் என்பதால் அது ஆய்வகத்துக்குள் கேட்கும். "தொண்ணூத்தொம்பதைத் தாண்டிட்டு," என்று ஒரு வாரம் சொன்னார். மறுமுனையில் என்ன கேட்கப்பட்டதோ, "பிளஸ் டூல கூட பய இவ்வளவு வாங்கலையே," என்று சிரித்தார். உள்ளே இருந்தவர்களில் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பத்மா ஒருமுறைகூடக் கல்லூரிக்கு வரவில்லை. சனிக்கிழமை மதியமானால் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பாள் என்று பால்ராஜ் சொல்லித் தெரியும்.

இப்படி, ஒரு நிரலை நிறுத்தக் கூடாது என்பது அதை நிற்கவிடக் கூடாது என்பதாக மெல்ல வளர்ந்தது. ஒரு பிற்பகல் காற்றும் மழையுமாக மின்சாரம் போனபோது, கல்லூரி ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. பேட்டரி தீரப் போகிறதென்று யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. யாரும் யாருக்கும் சொல்லாமலேயே எல்லோரும் எழுந்து தங்கள் கணினிகளை அணைத்தார்கள். விளக்கு, விசிறி, பிரிண்டர், மூலையிலிருந்த தண்ணீர் இயந்திரம் என ஒவ்வொன்றின் ஒயரையும் பிடுங்கினார்கள். கிரண் செய்துகொண்டிருந்த வேலையைச் சேமிக்காமலேயே அணைத்துவிட்டிருந்தான். இருட்டில், அந்த ஒற்றைத் திரையின் வெளிச்சத்தில், மின்சாரம் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த ஓட்டம் கணினியின் நினைவகம் முழுவதையும் பிடித்து வைத்திருந்தது. மற்றவர்கள் வேறு வழி தேடிக்கொண்டார்கள். கிரணுக்கு அவன் உறவினர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஒரு கணினி கிடைத்தது. திவ்யா அவ்வளவு கணக்கீடு தேவைப்படாத தலைப்புக்கு மாறினாள். யுவராணி மட்டும் எதையும் தேடவில்லை. மார்பு எக்ஸ்ரே படங்களில் காசநோயைக் கண்டறியும் அவளுடைய ஆய்வுக்கு அந்தக் கணினி வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, இன்னொன்று கிடையாது. இந்தப் பருவத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் அவளுக்கு எம்.இ. பட்டம் இல்லை.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரம் ஓட்டும் அவளுடைய அப்பா சின்னசாமிக்கு இது விளங்கவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சாப்பாட்டுத் தட்டின் முன் அவர் கேட்டார்.

"செத்தவன் போட்டதுன்னா இன்னாம்மா? டீச்சராண்ட சொல்லி நிறுத்தச் சொல்லு. அவனுக்கு இனிமே இன்னா ஆவப் போவுது? உனுக்குத்தானே படிப்பு பூடும்."

யுவராணி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். அவர் சொன்னதில் மறுக்க எதுவுமில்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அஸ்வினும் அவளும் திருமணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். எம்.இ. முடித்த பிறகு இரண்டு வீடுகளிலும் சொல்வது என்று வைத்திருந்தார்கள். முதலில் என் வீட்டில்தான் சொல்ல வேண்டும், என் அம்மா கத்துவாள், பிறகு உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுச் சமைப்பாள் என்று அவன் சொல்லிவைத்திருந்தான். கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. சாவு வீட்டில் அவள் வகுப்பு மாணவர்களின் வரிசையில் நின்றாள். உடன் படித்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் அங்கே அவளால் அழ முடியவில்லை. பத்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்து முகத்தைப் பார்த்தாள். யுவராணியின் கையையும் அதே அளவு நேரம் பிடித்து, அடுத்த கைக்கு நகர்ந்தாள்.

அதனால்தான் அவள் வேறு கணினி தேடவில்லை. திரையில் ஒரு வரி ஏறும்போதெல்லாம், அவன் தொடங்கிவைத்த ஒன்று இன்னும் முடியாமல் இருந்தது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியபோது ஷோபனா அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த நிரல் எப்போது முடியும், முடிந்தால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். உருப்படியாக இருந்தால் அஸ்வின் பெயரில் ஒரு கட்டுரையாக வெளியிடலாம், அவன் அப்பா கையில் கொடுக்க ஏதாவது இருக்கும் என்றார்.

நிரல் சேமித்துவைத்த கடைசி நிலையை யுவராணி தன் கணினிக்கு எடுத்துக்கொண்டாள். படத்தின் எந்தப் பகுதியை வைத்து நிரல் முடிவெடுக்கிறது என்று காட்ட ஒரு வழி உண்டு. அது கூர்ந்து பார்க்கும் இடம் சிவப்பாகத் தெரியும். ஒரு படத்தைத் திறந்தாள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி, கரையோரம் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரை. சிவப்பு அந்த இலைகளின் மேல் இல்லை. படத்தின் இடது கீழ் மூலையில் இருந்தது. அடுத்த படத்திலும் அதே மூலை. அதற்கடுத்ததிலும்.

மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வளைந்த விளிம்புடைய ஒரு நிழல் அங்கே விழுந்திருந்தது.

அந்தப் படங்களை எடுத்த காலைகள் அவளுக்கு நினைவிருந்தன. வெட்டவெளித் தண்ணீரை அவன் கரையின் மேலிருந்தே எடுத்துவிடுவான். ஆகாயத்தாமரை என்றால் இறங்கி அருகில் போக வேண்டும். அங்கே வெயில் லென்சில் அடிக்கும். அதற்காக அவன் வீட்டிலிருந்து ஒரு கருப்புக் குடை கொண்டுவந்திருந்தான். அவள் பக்கத்தில் நின்று பிடிப்பாள். "கொஞ்சம் தள்ளிப் பிடி, நெழலு விழுது," என்பான். அவள் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி நிற்பாள். அவன் சிரித்து, "சரி விழட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்," என்பான். வெட்டவில்லை. செம்பரம்பாக்கத்திலும் வெட்டவில்லை, அம்பத்தூர் ஏரியிலும் வெட்டவில்லை. ஆகாயத்தாமரை இருந்த படங்களிலெல்லாம் அவள் பிடித்த குடையின் நிழல் இருந்தது. இல்லாத படங்களில் நிழலும் இல்லை. நிரல் தன் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. இலையைக் கற்பதைவிட நிழலைக் கற்பது அதற்கு எளிதாக இருந்தது.

சோதித்துப் பார்த்தாள். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடிய ஏரி ஒன்றின் புதிய படத்தைக் காட்டினாள். தெளிந்த நீர் என்றது, துளியும் ஐயமில்லாமல். அந்தக் காலைகளில் தன் கைப்பேசியில் எடுத்திருந்த வேறொரு படத்தைக் காட்டினாள். வெறும் தண்ணீர், மேலே குடை நிழல். ஆகாயத்தாமரை என்றது. ஒவ்வொரு சுற்றிலும் அது இன்னும் கொஞ்சம் உறுதியாக அந்த நிழலைப் பற்றிக்கொண்டிருந்தது. பால்ராஜ் வீட்டுக்கு எடுத்துச் சென்ற ஒவ்வொரு எண்ணும் அந்த உறுதியின் அளவுதான்.

இதனால் பயனில்லை என்று மட்டும் ஷோபனாவிடம் சொன்னாள். நிறுத்தச் சொல்லித் தானும் யாரிடமும் கேட்கப் போவதில்லை என்றார் ஷோபனா. அவர் கண்டுபிடித்த வழி வேறு.

"ஞாயித்துக்கிழமை யுபிஎஸ் சர்வீஸ்னு போட்டுடறேன். பவர் போச்சு, நின்னுடுச்சு. யாரும் நிறுத்தல. அஸ்வின் அப்பாகிட்டயும் அப்படியே சொல்லிடலாம். திங்கட்கிழமையிலிருந்து மெஷின் உனக்கு."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கிரணும் திவ்யாவும் அதைக் கேட்டபோது, நீண்ட நாள் தூக்கிவைத்திருந்த ஒன்றைக் கீழே இறக்கியவர்கள் போலத் தெரிந்தார்கள். விதி மீறப்படாது, வேலையும் நடந்துவிடும். யுவராணி மட்டும் அன்று மாலை பேருந்தில் இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். மின்சாரம் போய்விட்டது என்று சொன்னால் பால்ராஜ் நம்பிவிடுவார். நம்பிவிட்டு, மின்சாரம் போகாமல் இருந்திருந்தால் நூறு வாங்கியிருக்குமே என்று எஞ்சிய காலமெல்லாம் பத்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை மதியம் பால்ராஜ் வந்தபோது எல்லோரும் இருந்தார்கள். மறுநாள் அது நின்றுவிடும் என்பதால், சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் வந்திருந்தார்கள் போலும். ஷோபனாவும் வந்து கதவருகே நின்றிருந்தார். பால்ராஜ் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லாப் படிக்குதா என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் யுவராணி தன் மடிக்கணினியை அவர் முன் வைத்தாள்.

"அங்கிள், இந்தச் செவப்பு எங்க இருக்குன்னு பாருங்க. அது செடியப் பாக்கல. இந்த நெழலத்தான் பாக்குது."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். அவள் ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

"என்ன நிழலு இது?"

"குடை."

"யாரு புடிச்சிருக்கா?"

"நான்தான் அங்கிள்."

அவர் மேலும் சில படங்களைப் பார்த்தார். கடைசியில் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சாவு வீட்டிலும் சனிக்கிழமைகளிலும் எத்தனையோ பேரில் ஒருத்தியாகப் பார்த்த முகத்தை இப்போதுதான் தனியாகப் பார்க்கிறவர் போல இருந்தது.

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாப் படத்துலயும்."

கிரண் தரையைப் பார்த்தான். திவ்யாவின் கை வாயருகே போயிருந்தது. பால்ராஜ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கருப்புக் குடை. மரப்பிடி. சரியா?"

"ஆமா அங்கிள்."

"அவங்கம்மா குடைய வீடு பூரா தேடிட்டா. நான்தான் பஸ்ல விட்டுட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் என்னைத்தான் ஏசுதா."

"எங்கிட்டதான் இருக்கு."

அவர் தலையை மெல்ல அசைத்தார். சிரிக்கத் தொடங்கிய முகம் சிரிப்பை எட்டாமலே நின்றுவிட்டது. பெரிய திரையில் ஒரு வரி ஏறியது. அவர் அதன் முடிவிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"அப்ப இது ஒண்ணும் படிக்கலையா?"

"படிச்சதையே படிக்குது அங்கிள். புதுசா ஒரு ஏரியக் காட்டினா அதுக்குத் தெரியல. நாங்க போன எடத்தையே பாத்துக்கினு கீது."

'கீது' என்று வீட்டில் பேசும் சொல் கல்லூரியில் அவள் வாயில் வந்தது அதுவே முதல் முறை. அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். யாரையும் அழைக்காமல் கையில் பிடித்தபடி இருந்தார்.

"இப்ப அவ கேப்பாளே, எத்தனைன்னு. என்ன சொல்ல?"

யுவராணி எழுந்து பெரிய கணினியின் முன் போனாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவருகே இருந்து ஷோபனாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"யுவராணி, வேண்டாம். நாளைக்கு அதுவே நின்னுடும்."

"அதுவா நிக்கல மேடம். கரண்டும் போகல." அவள் திரும்பிப் பார்த்தது பால்ராஜைத்தான். "யுவராணின்னு ஒரு பொண்ணு நிறுத்திட்டான்னு சொல்லுங்க அங்கிள். குடை அவகிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

நிரலை நிறுத்தும் கட்டளைக்காக ஒரு விரலைக் கண்ட்ரோல் விசையிலும் ஒரு விரலை சி எழுத்திலும் வைத்தாள். திரையில் புதிய வரி ஒன்று ஏறத் தொடங்கியிருந்தது. அது முடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. எல்லோரும் பார்க்க அழுத்தினாள். வரி பாதியில் நின்றது.